பச்சைக் கீரையும் பரங்கியர் பந்தியும்

அமெரிக்கர் விருந்துகளிற் பச்சைக் கீரைக் கலவை ஒன்று இடம்பெறுவதுண்டு. ஸ்பினாச்சு என்னும் கீரையின் இளந்தளிரைக் கழுவி நீர் வடித்து வைப்பர். பேக்கன் எனப்படும் உப்பிட்ட பன்றி இறைச்சியை முறுகப் பொரித்து, அதனின்று உருகிய கொழுப்பிற் புளிக்காடி கலந்து, சூடாறுமுன் இலைமேற் சொரிவர். தளிர் சற்றே துவளும். அவித்த முட்டையை அரிந்து மேலே பரப்புவர்.

அக்கீரையின் தாயகம் பாரசீகம். 647ஆம் ஆண்டிலே அது சீனத்தை அடைந்தது; அராபியர் அதனை ஸ்பெயினுக்குக் கொண்டு சென்றனர். குளிர் விரும்பும் அப்பயிர் யாழ்ப்பாணத்து வெயிலில் விரைந்து பூத்து இலை குன்றிவிடும். இலங்கையில் ஆங்கிலம் பேசுவோர் அப்பெயரால் அழைக்கும் பசளியோ முற்றிலும் வேறு இனத்துக் கொடி.

ஆயின், இலையை அடுப்பேற்றாது உண்ணும் வழக்கம் குடாநாட்டுக்குப் புதிதன்று. கிணற்றடி ஈரத்திற் படரும் வல்லாரையை மயிரிழைபோல் அரிந்து, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, தேசிப்புளி சேர்த்துப் பிசைந்தால் வல்லாரைச் சம்பல். மேல்நாட்டிற் கொழுப்பும் காடியும் செய்யும் தொழிலை இங்கே தேங்காயும் தேசிப்புளியும் செய்கின்றன. இதனைக் கலப்பற்ற பழந்தமிழ் உணவென்று பெருமை பேசுவோர் சற்றே சிந்தித்தல் நன்று. மிளகாய் அமெரிக்கக் கண்டத்தின் செல்வம். போர்த்துக்கேயர் கீழ்த்திசைக்குக் கொணர்ந்தது. சம்பல் என்பதோ மலாய்ச் சொல்.

மிளகாயை வரவேற்ற யாழ்ப்பாணம் அதனைக் கொணர்ந்தோரின் பந்தியை ஏன் வெறுத்தது? போர்த்துக்கேயர் 1619இல் அரசைக் கைப்பற்றினர். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தனர். சைவ ஒழுக்கம் மறைவிடம் தேடிற்று. விரதகாலத்து இலைக்கறியும் சோறும் உண்டவர்கள், எச்சில் இலையை வெளியில் எறிந்தால் அகப்பட்டுக்கொள்வோம் என அஞ்சிக் கூரை இறப்பிலே செருகி மறைத்தனர் என்பது வழிவழி வந்த செய்தி. அதிகாரிகளின் உணவுக்கு முறைவைத்துப் பசுக் கொடுக்கவேண்டியிருந்ததாம். தம்முறை வந்தபோது, திருநெல்வேலி ஞானப்பிரகாசர் அதற்கு இசையாது இரவோடிரவாக ஊரைவிட்டு நீங்கினார் என்பர். சிதம்பரத்தில் அவர் பெயரால் வழங்கும் திருக்குளம் இன்றும் உண்டு. செவிவழிச் செய்தியே எனினும், அக்காலத்து மக்கள் மனத்தை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

குடாநாட்டார் யாவரும் மரக்கறி உண்போர் அல்லர். கடல் சூழ்ந்த நிலத்திலே, வெள்ளிக்கிழமையும் விரத நாளும் ஒழிந்த நாள்களில் மீன் உண்போர் அன்றும் பலர். ஆகவே வருத்தியது ஊன் அன்று, வற்புறுத்தலே. தன் வீட்டு இலையில் எது விழவேண்டும் என்பதை அந்நியன் தீர்மானிப்பதை அவர்கள் பொறுக்கவில்லை.

1658இல் ஒல்லாந்தரும், 1795இல் ஆங்கிலேயரும் வந்தனர். வற்புறுத்தல் மெல்ல மெல்லத் தளர்ந்தது. முட்டையும் கீரையும் சேர்வதற்கு அந்நியர் எவரும் வழிகாட்டவேண்டியிருக்கவில்லை: முருங்கையிலை வறையிலே முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறுவது யாழ்ப்பாணத்து அடுக்களை நன்கறிந்த முறை. பிள்ளை பெற்ற தாய்க்கு அதனை ஊட்டுவர். விரதம் முடித்துப் பாரணை செய்வோருக்கோ அகத்தியிலை.

வல்லாரைச் சம்பலுக்கு உப்பும் புளியும் சோறு பரிமாறும் வேளையிலேதான் சேர்க்கப்படும். முந்தினால் இலை நீர்விட்டுக் கறுத்துப்போம்.