கொற்கைக்கு மூன்று பயணங்கள்

முதன்முறை கொற்கை சென்றபோது வாழைத் தோட்டங்களையும் முதிய வன்னி மரத்தையுமே கண்டு திரும்பினோம். பாண்டியர் துறைமுகம் இதுதானா என்ற ஏமாற்றமே மிஞ்சியது. தாமிரபரணியின் வண்டல் கடலைக் கிழக்கே பல கல் தொலைவுக்குத் தள்ளிவிட்டிருந்தது.

மறுமுறை, அருகிலுள்ள அக்கசாலை என்னும் ஊர்ப்பெயர் நம்மை நிறுத்தியது. நாணயம் அடிக்கும் இடத்தைக் குறிக்கும் சொல் அது. சாலை அழிந்தும் பெயர் நிலைத்திருக்கிறது.

மூன்றாம் முறை, 1968-69 அகழாய்வில் இங்கே முத்துச்சிப்பிகள் கிடைத்ததைப் படித்தறிந்து சென்றோம். கொற்கையில் முத்துக்குளித்தோர் தண்டனை பெற்ற கைதிகள் என்கிறது, முதலாம் நூற்றாண்டுக் கிரேக்க நூலான பெரிப்ளூஸ். முத்தைப் புகழும் பாடல்களை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். மூச்சடக்கி மூழ்கிய அக்கைதிகளை இதுவரை ஒருமுறையும் சொன்னதில்லை. இவ்வாண்டு சொல்லவேண்டும்.