கார்புரேட்டர் வளர்ந்த கதை

பழைய மோட்டார் வண்டி ஒன்றைப் புதிதாக வாங்கியவருக்கு வரும் முதல் துன்பம் பெரும்பாலும் ஒரே வடிவில்தான் வருகிறது. வண்டி ஒரு மோரிஸ் மைனர் என்று வைத்துக்கொள்வோம். வண்ணம் புதிது, இருக்கை விரிப்பு புதிது, விற்றவர் கையொப்பமிட்ட தாளில் மை கூட உலரவில்லை. காலையில் தடையின்றிக் கிளம்புகிறது. இரண்டு மைல் ஓடுகிறது. பின்னர் இருமுகிறது, தயங்குகிறது, சாலையோரத்தில் நின்றுவிடுகிறது. கால் மணி நேரம் காத்திருந்தால் மீண்டும் கிளம்பி, மீண்டும் இரண்டு மைல் ஓடுகிறது. உடையவர் முன்மூடியைத் தூக்கிக் கார்புரேட்டரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறார். கையிலுள்ள திருப்புளியால் அகப்பட்ட திருகாணிகளையெல்லாம் திருப்புகிறார். அதுவரை ஒரு பழுது இருந்த வண்டியில் இப்பொழுது இரண்டு பழுதுகள்!

அந்தக் கருவியின் ஒவ்வோர் உறுப்பும் ஏன் அங்கே வந்து சேர்ந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. ஒரு குறையைப் போக்க ஓர் உறுப்பு வந்தது. அவ்வுறுப்பே கொண்டுவந்த புதுக்குறையைப் போக்க இன்னொன்று வந்தது. இவ்வரலாற்றை அறிந்தவர் திருப்புளியை எடுப்பதற்கு முன் சற்றே சிந்திப்பார்.

பெட்ரோல் நீர்ம நிலையில் எரிவதில்லை. ஆவியாகிக் காற்றோடு கலந்த பின்னரே எரியும். எடையளவில் ஏறத்தாழ 15 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் வேண்டும். பெட்ரோல் குறைந்தால் இயந்திரம் இருமும். மிகுந்தால் கரும்புகை கக்கும். இந்த அளவை மேட்டிலும் பள்ளத்திலும், வெயிலிலும் மழையிலும், மெல்ல ஊரும்போதும் விரையும்போதும் மாறாமல் காப்பதே கார்புரேட்டரின் கடமை. சொல்வதற்கு எளிய கடமை. செய்வதற்கு அவ்வளவு எளிதாக இல்லை.

1886-ஆம் ஆண்டு சனவரி 29-ஆம் நாள் ஜெர்மனியில் காரல் பென்ஸ் தம் மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தார். அவ்வண்டியின் கார்புரேட்டர் ஒரு பாத்திரமே. அதில் பெட்ரோலுக்கு உறவான லிக்ராயின் என்னும் நீர்மம் இருந்தது. அதன் மேற்பரப்பைத் தழுவிச் செல்லும் காற்று, எழும் ஆவியைச் சுமந்துகொண்டு இயந்திரத்துக்குள் புகுந்தது. ஈரத்துணி கொடியில் உலர்வதற்கும் இதற்கும் தத்துவம் ஒன்றுதான். வெயிலில் விரைந்து உலரும் துணி மழைக்காலத்தில் உலராதன்றோ? அக்குணம் பென்ஸின் கருவிக்கும் இருந்தது. அன்றியும், எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் போய்விட, ஆவியாக மறுக்கும் பகுதி அடியில் தங்கியது.

1888-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் பென்ஸின் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமலே, தம் மக்கள் ஆய்கன், ரிச்சர்ட் இருவரையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு அவ்வண்டியில் புறப்பட்டார். வழி 100 கிலோமீட்டருக்கும் மேல். எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் என்னும் ஊரில் ஒரு மருந்துக் கடையில் லிக்ராயின் வாங்கி ஊற்றினார். எரிபொருட்குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியில் செருகியிருந்த ஊசியை எடுத்து அடைப்பை நீக்கினார். இதனைப் பலர் ஒரு வேடிக்கைச் செய்தியாகவே சொல்லிச் சிரிப்பர். சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. நின்றுபோன வண்டியில் பழுது எங்கே என்று தேடிக் கண்டவர்களின் வரிசையில் அவரே முன்னிற்பவர். அவர் ஊசி போன இடத்தையும் நோக்க வேண்டும். கலவை உண்டாகும் இடத்தை அவர் குத்திக் கிளறவில்லை. எரிபொருள் வரும் வழியையே திறந்தார்.

ஆவி எழும் வரை காத்திராமல் பெட்ரோலை நுண்துளிகளாகத் தெளித்தால் என்ன என்னும் எண்ணம் அடுத்து வந்தது. 1893-இல் புடாபெஸ்ட் நகரத்தில் டொனாட் பாங்கி, யானோஷ் சோங்கா என்னும் ஹங்கேரியர் இருவரும், ஜெர்மனியில் டைம்லரின் துணைவரான வில்ஹெல்ம் மைபாக்கும் தனித்தனியே இவ்வழியைக் கண்டனர். முதன்மை யாருக்கு என்னும் வழக்கை இரு நாட்டாரும் நடத்திக்கொள்ளட்டும். தத்துவமோ அவர்களுக்கும் மூத்தது. குறுகிய வழியில் விரைந்து பாயும் பொருளின் அழுத்தம் குறையும் என்பதை டேனியல் பெர்னூலி 1738-இல் வெளியிட்ட நூலிலிருந்தே அறிஞர் அறிந்திருந்தனர். காற்றுக்குழாயின் நடுவே இடுப்புப் போல ஒரு குறுக்கம் வைத்து, அங்கே ஒரு பீச்சுகுழலை நிறுத்தினால், விரையும் காற்று பெட்ரோலைத் தானே உறிஞ்சிச் சிதறடித்துவிடும். அக்குறுக்கம் வெஞ்சுரி என்னும் இத்தாலியப் பேராசிரியரின் பெயரால் இன்றும் வழங்குகிறது.

பீச்சுகுழலில் பெட்ரோலின் மட்டம் ஏறியிறங்கக் கூடாது. அதற்காக வந்தது மிதவைக் கிண்ணம். வீட்டு நீர்த்தொட்டியில் மிதக்கும் பந்து, தொட்டி நிறைந்ததும் குழாயை மூடுவதைப் போல, கிண்ணத்தில் மிதவை உயர்ந்ததும் ஓர் ஊசி வழியை அடைக்கும். இந்த ஊசியின் நுனியில் மணல் அளவு துரும்பு சிக்கினாலும் வழி மூடாது. பெட்ரோல் பொங்கி வழியும்.

தெளிக்கும் கருவிக்கும் ஒரு குறை இருந்தது. குறுக்கத்தின் அளவு மாறுவதில்லை. இயந்திரத்தின் பசியோ மாறிக்கொண்டே இருக்கிறது. மெல்ல ஓடும்போது உறிஞ்சும் வலிமை போதாது. விரைந்து ஓடும்போது பெட்ரோல் அளவுக்கு மிஞ்சும். பலர் இரண்டு, மூன்று பீச்சுகுழல்களை வைத்து இதனைச் சரிக்கட்டினர். இங்கிலாந்தில் ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர் என்பவர் வேறு வழியில் சென்றார். குறுக்கத்தையே விரியவும் சுருங்கவும் செய்தால் என்ன என்று அவர் கேட்டார். அவருடைய குடும்பத்தார் காலணி வணிகர். 1905-ஐ ஒட்டி அவர் உருவாக்கிய கருவியில் கொல்லன் துருத்தியைப் போன்ற ஒரு தோல் துருத்தி இருந்தது. தோலோடு பழகிய கைக்குத் தோல் துருத்தி தோன்றியதில் வியப்பில்லை. இயந்திரம் மிகுதியாக உறிஞ்சும்போது துருத்தி உயரும். காற்று வழி அகலும். துருத்தியோடு இணைந்த கூர்மையான ஊசியும் பீச்சுகுழலிலிருந்து மேலெழும். ஊசி நுனியை நோக்கி மெலிந்திருப்பதால் பெட்ரோல் வழியும் அதே அளவில் அகலும். ஆகவே பீச்சுகுழலின் மேல் உள்ள உறிஞ்சு வலிமை என்றும் ஏறத்தாழ ஒன்றாகவே நிற்கும். ஸ்கின்னரும் அவர் தம்பி காரலும் 1910-இல் நிறுவிய குழுமமே எஸ்.யூ. அதனை 1926-இல் வில்லியம் மோரிஸ் வாங்கினார். தோல் துருத்தி போய் உலோகப் பிஸ்டன் வந்தது. வேகமிதியைச் சட்டென்று மிதித்தால் பிஸ்டன் துள்ளியெழுந்து கலவை மெலிந்துவிடும் என்பதால், அதனை அடக்க மேலே ஓர் எண்ணெய்க் கிணறும் பின்னாளில் சேர்ந்தது. முடுக்கும்போது தயங்கும் வண்டியில் பலவேளை குற்றம், அக்கிணற்றில் மெல்லிய எண்ணெயை ஊற்ற மறந்ததுதான்.

இந்த எஸ்.யூ. கருவிக்குக் கடுஞ்சோதனை வந்தது வானத்தில். 1940-இல் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்களை இயக்கிய மெர்லின் இயந்திரங்களில் எஸ்.யூ. கார்புரேட்டரே இருந்தது. எதிரியின் மெசர்ஷ்மிட் 109 விமானமோ எரிபொருளை நேரே பீச்சும் முறையில் இயங்கியது. துரத்தப்பட்ட ஜெர்மானிய விமானி மூக்கைக் கீழே அழுத்திப் பாய்ந்தால், அவ்வாறே பாய முயன்ற பிரிட்டிஷ் விமானியின் இயந்திரம் ஒரு நொடி மூச்சை இழந்தது. வண்டி ஒரு மேட்டில் துள்ளும்போது பயணிகள் இருக்கையை விட்டு எழுவதைப் போல, மிதவைக் கிண்ணத்துப் பெட்ரோல் கூரையை நோக்கி எழுந்துவிட்டதே காரணம். முதலில் பீச்சுகுழல் வறண்டது. அடுத்த நொடி மிதவை நிலைகுலைந்து பெட்ரோல் வெள்ளமாகப் புகுந்தது. இரண்டாவதே கொடியது. தப்புவதற்கு விமானத்தைப் புரட்டிக் கொண்டே பாய வேண்டியிருந்தது. அந்த ஒரு நொடித் தாமதம், துரத்தியவருக்கு இரையைத் தவறவிடுவதாகவும், துரத்தப்பட்டவருக்கு உயிராபத்தாகவும் இருந்தது.

ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய பொறியாளர் பீட்ரிஸ் ஷில்லிங் (1909 - 1990) இதற்கு ஒரு வழி கண்டார். மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் புகழ்பெற்ற பெண்மணி அவர். கார்புரேட்டரை மாற்றியமைக்க நாட்டுக்கு நேரமில்லை. விமானங்களைத் தரையிறக்கி வைக்கவும் முடியாது. ஆகவே அவர் கார்புரேட்டரைத் தொடவே இல்லை. இயந்திரம் முழு வலிமையில் ஓட எவ்வளவு பெட்ரோல் வேண்டுமோ அவ்வளவே செல்லுமாறு துளையிட்ட ஒரு சிறு உலோகத் துண்டை, எரிபொருள் வரும் குழாயில் பொருத்தினார். வெள்ளம் நின்றது. 1941-இன் தொடக்கத்தில் அவரும் அவருடைய குழுவினரும் விமானத் தளங்கள்தோறும் சென்று அதனைப் பொருத்தினர். குறை முழுதும் நீங்கவில்லை. அழுத்தத்தால் இயங்கும் புதுவகைக் கருவி வரும் வரை அச்சிறு துண்டு காலத்தைத் தள்ளிக் கொடுத்தது. தொப்பி ஊசியைப் போலவே இதுவும் குழாயில் செய்த மருத்துவம்!

போர் முடிந்தபின், அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மோரிஸ் மைனர் 1948-இல் இலண்டன் வண்டிக் காட்சியில் வெளிவந்தது. 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. 1950-களில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் அது பழகிய காட்சி. அதன் முன்மூடிக்குள் இருப்பது ஒரே ஓர் எஸ்.யூ. கார்புரேட்டர். எரிபொருளை ஏற்றித் தரும் மின்விசைப் பம்பும் எஸ்.யூ. தான். சாவியைத் திருப்பியதும் அந்தப் பம்பு சில முறை 'டிக் டிக்' என ஒலித்து, கிண்ணம் நிறைந்ததும் அடங்க வேண்டும். ஓயாமல் ஒலித்தால் தொட்டியில் பெட்ரோல் இல்லை, அல்லது குழாயில் எங்கோ காற்றுப் புகுகிறது. ஒலிக்கவே இல்லையென்றால் மின்தொடுமுனை தேய்ந்தோ அழுக்கேறியோ இருக்கும். பம்பை மிதியடியால் தட்டி எழுப்பி வீடு வந்து சேர்ந்தவர் பலர்.

தேர்ந்த பழுதுபார்ப்போர் முதலில் பார்ப்பது தீப்பொறியை. சூடேறியதும் பொறி தளர்ந்து, ஆறியதும் மீளும் காயிலும் கண்டென்சரும் கார்புரேட்டரின் தலையில் பழியைப் போட வல்லவை. நம் நாட்டு வெப்பத்தில் இன்னொன்றும் உண்டு. இவ்வண்டியில் புகைக்குழாய்த் தொகுதிக்கு மேலேயே கார்புரேட்டர் அமர்ந்திருக்கிறது. நண்பகல் நெரிசலில் பெட்ரோல் குழாயிலேயே கொதித்து ஆவியாகி வழியை அடைக்கும். ஈரத்துணியைக் குழாயின் மேல் போட்டதும் இயந்திரம் உயிர்பெற்றால் காரணம் அதுவே.

1967-இல் ஃபோக்ஸ்வேகன் வண்டி ஒன்றில் மின்னணுவால் ஆளப்படும் எரிபொருட்பீச்சு முறை வந்தபோது கார்புரேட்டரின் மாலைப்பொழுது தொடங்கியது. எனினும் 1985-இல் மலேசியாவின் முதல் புரோட்டோன் சாகா கார்புரேட்டரோடுதான் சாலைக்கு வந்தது. அவ்வண்டியும் இன்று பழம்பொருள் விரும்புவோர் தேடும் வண்டியாகிவிட்டது. புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் இறுக இறுகப் புது வண்டிகளிலிருந்து கார்புரேட்டர் மறைந்தது. எரிபொருளும் மாறியது. பிரிட்டனில் 2021 முதல் சாதாரண பெட்ரோலில் 10 விழுக்காடு வரை எத்தனால் கலக்கின்றனர். பழைய இரப்பர்க் குழாய்களை அது இளக்கி உதிர்க்கும். உதிர்ந்த துகள் போய்ச் சிக்குமிடம் மிதவையின் ஊசிமுனை.

இனி, இரண்டு மைலுக்கு ஒருமுறை நிற்கும் அந்த மோரிஸ் மைனர். பொறி நன்று, பம்பும் நன்று என்றால், பெட்ரோல் தொட்டியின் மூடியைத் திறந்து காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். 'உஸ்' என்று காற்று உள்ளே பாய்ந்தால் விடை கிடைத்துவிட்டது. பெட்ரோல் வெளியேறும் அளவுக்குத் தொட்டிக்குள் காற்றுப் புக வேண்டும். அந்தச் சிறு வழியைத் தூசியோ மெருகுப் பசையோ அடைத்திருக்கிறது. இரண்டு மைலில் தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாகிப் பம்பின் இழுவையைத் தோற்கடிக்கிறது. கால் மணி நேரத்தில் காற்று மெல்லக் கசிந்து புகுந்ததும் வண்டி மீண்டும் ஓடுகிறது. அடைப்பை நீக்க ஒரு குண்டூசி போதும்.

அதன்பின் உடையவருக்கு எஞ்சும் வேலை, தாம் திருப்பிய திருகாணிகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது. கார்புரேட்டரின் அடியிலுள்ள அறுகோண நட்டை முழுவதும் மேலே ஏற்றி, இரண்டு முழுச் சுற்று கீழே இறக்க வேண்டும். இயந்திரம் சூடேறிய பின் பிஸ்டனை மயிரிழை அளவு உயர்த்திப் பார்க்க வேண்டும். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் மிகுதி. இயந்திரம் அணைந்தால் பெட்ரோல் குறைவு. சற்றே ஏறி உடனே அடங்கினால் நட்டை அங்கேயே விட்டு முன்மூடியை இறக்கிவிடலாம்.