கிலாஃபத் இயக்கம்: மக்கள் கருத்தும் வல்லரசின் வெளியுறவுக் கொள்கையும்



கடல் கடந்த நாடொன்றில் அநீதி நிகழும்போது நாம் இங்கே கூட்டம் கூட்டித் தீர்மானம் நிறைவேற்றுகிறோம். கையொப்பமிட்டு மனு அனுப்புகிறோம். இதனால் அரசுகளின் வெளியுறவுக் கொள்கை மாறிவிடுமா என்ற ஐயம் நம்மில் பலருக்கு உண்டு. நூறாண்டுகளுக்கு முன் நம் முன்னோர் நடத்திய கிலாஃபத் இயக்கத்தின் வரலாறு இவ்வினாவிற்குத் தக்க விடை தருகிறது.

1914-ல் துருக்கி ஜெர்மனியின் பக்கம் நின்று முதல் உலகப் போரில் இறங்கியது. துருக்கி சுல்தானைக் கலீஃபாவாக மதித்து வந்த இந்திய முஸ்லிம்கள் பெரும் மனவேதனைக்கு உள்ளாயினர். பிரிட்டிஷ் இந்தியப் படையில் முஸ்லிம் வீரர்கள் ஏராளமாக இருந்தமையால் அவர்களது மனநிலையை ஆட்சியாளர்களால் புறக்கணிக்க இயலவில்லை. அரேபியாவின் புனிதத் தலங்கள் தாக்கப்படமாட்டா என்று அறிவித்தனர். 1918 ஜனவரி 5-ஆம் நாள் பிரதமர் லாயிட் ஜார்ஜ், துருக்கியரின் தலைநகரையும் அவர்கள் வாழும் சின்ன ஆசியா, திரேஸ் பகுதிகளையும் பறிப்பது தமது நோக்கமன்று என உறுதி கூறினார்.

போர் முடிந்ததும் இவ்வாக்குறுதிகள் காற்றில் பறக்கவிடப்பட்டன. 1919 மே 15-ல் கிரேக்கப் படை இஸ்மிர் நகரில் இறங்கியது. 1920 மார்ச் 16-ல் நேச நாட்டுப் படைகள் இஸ்தான்பூலை முறைப்படி ஆக்கிரமித்தன. அதே மாதத்தில் மௌலானா முஹம்மது அலி தலைமையில் இலண்டன் சென்ற கிலாஃபத் தூதுக்குழுவின் கோரிக்கையை லாயிட் ஜார்ஜ் ஏற்க மறுத்தார். ஆகஸ்ட் 10-ல் துருக்கியைத் துண்டாடும் செவ்ரே உடன்படிக்கை கையெழுத்தாயிற்று.

மனுவால் ஆகாததை மக்கள் இயக்கத்தால் சாதிக்க முற்பட்டனர். 1920 ஆகஸ்ட் 1-ல் ஒத்துழையாமை தொடங்கிற்று. காந்தியடிகளும் மௌலானா ஷௌகத் அலியும் அம்மாதமே சென்னை மாகாணம் வந்தனர். 12-ஆம் நாள் சென்னைக் கடற்கரையில் காந்தியடிகள் உரையாற்றினார். நம் மாகாணத்துக் கிலாஃபத் தலைவர்களுள் முதன்மையானவரான யாகூப் ஹசன் சேட், 1921 பிப்ரவரியில் கோழிக்கோட்டில் கைதாகிச் சிறை சென்றார். இந்துப் பெருமக்களும் தோளோடு தோள் நின்றதால், இது ஒரு சமுதாயத்தின் குறையென்று ஒதுக்கிவிட முடியாததாயிற்று.

இதன் விளைவு வியப்பிற்குரியது. இந்தியாவை ஆண்ட பிரிட்டிஷ் அரசாங்கமே மக்களின் கோரிக்கையைத் தன் கோரிக்கையாக இலண்டனுக்கு எழுத நேர்ந்தது. இஸ்தான்பூலிலிருந்து படைகள் விலக வேண்டும். புனிதத் தலங்கள் மீது சுல்தானின் மேலாண்மை நிலைக்க வேண்டும். திரேஸும் இஸ்மிரும் துருக்கிக்கே திரும்ப வேண்டும் என்று வைஸ்ராய் ரீடிங் பிரபு தந்தி அனுப்பினார். அத்தந்தியை வெளியிட, அமைச்சரவையைக் கலக்காமல் இசைவளித்தமைக்காக இந்திய மந்திரி மாண்டேகு 1922 மார்ச் 9-ல் பதவி விலக நேரிட்டது. மறுநாள் காந்தியடிகள் கைது செய்யப்பட்டார்.

அவ்வாண்டு செப்டம்பரில், கிரேக்கரை வென்ற துருக்கிப் படை சனக் பகுதியில் ஆங்கிலேயப் படையை எதிர்கொண்டது. லாயிட் ஜார்ஜ் போருக்கும் ஆயத்தமானார். ஆனால் நான்காண்டுப் போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த இங்கிலாந்து மக்கள் மற்றொரு போரை விரும்பவில்லை. கனடா, தன் நாடாளுமன்றமே முடிவு செய்யும் என்று கூறிவிட்டது. அக்டோபர் 19-ல் லாயிட் ஜார்ஜ் பதவி இழந்தார். 1923 ஜூலை 24-ல் லோசான் உடன்படிக்கை உருவானது; இஸ்தான்பூலும் இஸ்மிரும் கீழைத் திரேஸும் துருக்கிக்கே உரியவாயின. துருக்கியரின் போர்க்கள வெற்றியே இதற்கு முதற்காரணம். எனினும் இருநாட்டு மக்கள் கருத்தும் வல்லரசின் கையைக் கட்டியதை மறுப்பதற்கில்லை.

வரலாற்றின் மறுபக்கத்தையும் நாம் மறைத்தலாகாது. நம்மவர் கலீஃபாவுக்காகக் குரல் கொடுத்தனர். துருக்கி மக்களின் புதிய தலைவர்கள் எதை விரும்பினர் என்பதைப் போதிய அளவு அறிந்திருக்கவில்லை. 1923 நவம்பரில் ஆகா கானும் சையித் அமீர் அலியும் கிலாஃபத்தைக் காக்க வேண்டித் துருக்கிப் பிரதமருக்கு எழுதிய கடிதம், அவர் கைக்குச் சேருமுன் இஸ்தான்பூல் பத்திரிகைகளில் வெளியாகி, அந்நியத் தலையீடு என்ற சினத்தைக் கிளப்பிற்று. 1924 மார்ச் 3-ல் துருக்கி நாடாளுமன்றமே கிலாஃபத்தை ஒழித்தது. எந்த வல்லரசின் எதிர்ப்பாலும் விளையாத அந்த இழப்பு, எந்நாட்டிற்காக நம்மவர் போராடினரோ அந்நாட்டிலிருந்தே வந்தது.

ஆகவே நாம் பெறும் படிப்பினைகள் இரண்டு. ஒன்றுபட்டு, பிற சமயத்தாரையும் உடன் சேர்த்து, ஆட்சியாளர் அளித்த வாக்கையே எடுத்துக்காட்டிக் கேட்கும் கோரிக்கை வீண்போவதில்லை. அதன் பலன் தாமதமாகவும் பிற காரணங்களோடு கலந்துமே வரும். மற்றொன்று, யாருக்காகப் பேசுகிறோமோ அவர்தம் உண்மை நிலையை அறிந்து பேச வேண்டும். வந்த செய்தியைத் தீர விசாரிப்பது மார்க்கம் நமக்குக் கற்பித்த ஒழுக்கமன்றோ? பாலஸ்தீன மக்களுக்காக நாம் கரமேந்தும் இந்நாளிலும் இது பொருந்தும். உணர்ச்சியோடு அறிவும், துஆவோடு முயற்சியும் சேர்ந்த சமுதாயமாக நம்மை ஆக்கி வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.