எடையா, ஒளியா?

நிச்சயதார்த்தத்திற்கு வைர மோதிரம் எடுக்கும் வழக்கம் நம் குடும்பங்களிலும் வேரூன்றிவிட்டது. கடைக்குச் செல்வோர் முதலிற் கேட்பது, “எத்தனை காரட்?” என்பதே. காரட் என்னும் சொல் அரபியின் ‘கீராத்’ அன்றி வேறன்று. கிரேக்கரிடமிருந்து அரபியர் பெற்று, ஐரோப்பியருக்கு அளித்தது. கர்ரூப் மரத்தின் விதையைச் சுட்டிய அச்சொல் பின்னர் எடையின் பெயராயிற்று. இன்று ஒரு காரட் 200 மில்லிகிராம். ஆகவே நம்மவர் கேட்பது எடையை மட்டுமே. வைரத்திற்கு ஒளி தருவதோ பட்டை. எடையும் பட்டையும் பல நூற்றாண்டுகளாகப் பகைத்து வந்திருக்கின்றன.

‘அல்மாஸ்’ எனப்படும் வைரத்தை நம் முன்னோர் எல்லாரும் அணிகலனாகப் போற்றினர் என எண்ணிவிட வேண்டா. அல்லாமா அல்பீரூனீ, கஸ்னி மன்னர் மவ்தூதின் காலத்தில் இயற்றிய ‘கிதாபுல் ஜமாஹிர்’ என்னும் மணிநூலில், ஈராக், குராஸான் மக்கள் வைரத்தின் இனத்தையும் நிறத்தையும் பிரித்துப் பாராட்டுவதில்லை, துளையிடும் கருவியாகவே கொள்கின்றனர் என்கிறார். இந்தியரோ எட்டு முகங்கொண்ட இயற்கைப் படிகத்தை, அதன் முனை முறியாதிருந்தால் மட்டுமே விரும்பினர். தீட்டிய கல்லன்று, தீண்டாத கல்லே அவர்க்கு உயர்ந்தது.

இம்மனப்பான்மை கோல்கொண்டா சுரங்கங்களில் நெடுங்காலம் நிலைத்தது. பிரெஞ்சு வணிகர் தவெர்னியே 1676-இல் வெளியிட்ட பயண நூலில் இதனை விவரிக்கிறார். மாசற்ற கல்லாயின், எடை குறைந்துவிடுமென்று அஞ்சி, தொழிலாளர் அதனைச் சாணைச் சக்கரத்தில் இலேசாகத் தொட்டு எடுத்துவிடுவர். கீறலோ கரும்புள்ளியோ உள்ள கல்லாயின் மேலெங்கும் சிறுசிறு பட்டைகளை நிறைத்து மாசை மறைத்துவிடுவர். பட்டை மிகுந்த கல்லைக் கண்டால் ஐயுற வேண்டிய காலம் அது! மழையில் நனைந்த தானியம் குவியலின் அடியில் மறைந்திருக்கக் கண்டு பெருமானார் (ஸல்) அவர்கள் வணிகரைக் கடிந்த ஹதீஸ், ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அதை அறிந்தோர்க்கு இத்தொழில் நுணுக்கம் புதிதாகத் தோன்றாது.

விலைக்கும் தவெர்னியே ஒரு கணக்குச் சொல்கிறார். எடையை அதே எடையால் பெருக்கி, வரும் தொகையை ஒரு காரட்டின் விலையால் பெருக்க வேண்டும். பன்னிரண்டு காரட் கல்லின் விலை, ஒரு காரட் கல்லின் விலையைப்போல் 144 மடங்கு. எடை சற்றே குறையினும் விலை எவ்வளவு சரியும் என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள்.

அந்த அச்சத்தின் உச்சத்தை மொகலாய அவையிலே காண்கிறோம். மீர் ஜும்லா, ஷாஜஹானுக்கு அளித்த பெருவைரம் தீட்டுமுன் 900 ரத்தி, அதாவது 787½ காரட். வெனிஸ் நகரத்து ஹொர்த்தென்ஸியோ போர்ஜியோ அதனைத் தேய்த்துத் தேய்த்து ஏறத்தாழ 280 காரட்டாக்கிவிட்டார். மன்னர் கூலி கொடுக்கவில்லை. பதினாயிரம் ரூபாய் தண்டமும் விதித்தார். 1665-இல் ஔரங்கஸீபின் அவையில் அக்கல்லைக் கையிலேந்திப் பார்த்த தவெர்னியே, அதனைத் தேய்த்திருக்கலாகாது, பிளந்திருந்தால் நல்ல துண்டுகள் பல கிடைத்திருக்கும் என்கிறார். எடை போயிற்றே என்று மன்னர் வருந்தியது நியாயந்தான்; ஆனால் எஞ்சிய கல்லும் பாதி முட்டையின் வடிவாய் நின்றதே தவிர, இழந்ததற்கு ஈடான ஒளியைப் பெறவில்லை.

இதற்கு நேர்மாறான கதை கோஹினூருடையது. 1851-இல் லண்டன் பொருட்காட்சியில் அதனைக் காணத் திரண்டோர் ஏமாந்து திரும்பினர். கல் ஒளிரவில்லை. மறு ஆண்டு ஆம்ஸ்டர்டாம் கைவினைஞர் 38 நாள் முயன்று புதிதாகப் பட்டை தீட்டினர். 186 காரட் கல் சுமார் 106 ஆகச் சுருங்கிற்று. ஐந்தில் இரண்டு பங்கிற்கும் மேலாகத் தூளாயிற்று! அது நம் மண்ணிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட விதம் வேறு பேச்சு.

ஒளி ஏன் பட்டையை நம்பியிருக்கிறது? ஒளி ஓர் ஊடகத்திலிருந்து மற்றொன்றிற்குச் செல்லுங்கால் வளையும் முறையை 984-ஆம் ஆண்டளவில் பக்தாதில் இப்னு ஸஹ்ல் வரைந்து காட்டினார். இப்னுல் ஹைதம் தம் ‘கிதாபுல் மனாழிர்’ நூலில் ஒளி வளைவுக்கென ஒரு பாகத்தையே ஒதுக்கினார். வைரத்தினுள் புகுந்த ஒளி, அடிப்பட்டையில் உரிய சாய்வில் பட்டால் எதிர்ப்பட்டைக்குத் திரும்பி, மேல்முகம் வழியே கண்ணை வந்தடையும். அடிப்பாகம் மிகத் தட்டையாயினும் மிக ஆழமாயினும் ஒளி கீழே ஒழுகிவிடும். 1919-இல் மார்செல் தொல்காவ்ஸ்கி இதனைக் கணித்து, வட்ட வைரத்தின் அடிச்சாய்வு 40¾ பாகை இருத்தல் நன்றென எழுதினார். பட்டைகளின் எண்ணிக்கையன்று, அவற்றின் சாய்வே முதன்மை.

ஆயினும் பழைய எடைப் பற்று ஒழியவில்லை. ஒரு காரட்டை எட்டியதும் விலை தாவுகிறது. அதனை எட்டுவதற்காக வயிற்றைப் பருமனாக விட்டுத் தீட்டும் வழக்கமும் உண்டு. செவ்வனே தீட்டிய ஒரு காரட் வட்டக்கல் குறுக்களவில் சுமார் 6½ மில்லிமீட்டர் இருக்கும். வயிறு பருத்த கல் அதே எடையில் சிறுத்துத் தோன்றும். நடுவே இருண்டும் தெரியும். நாமோ கண்ணுக்குத் தெரியாத அந்த வயிற்றிற்கும் பணம் கொடுக்கிறோம். அமெரிக்க மணியியல் கழகம் 2006 முதல் வட்ட வைரங்களின் வெட்டுக்கு ஐந்து தரங்களை வகுத்துச் சான்றிதழில் தனியே குறித்து வருகிறது. காரட்டைக் கேட்டபின் அந்த வரியையும் குறுக்களவையும் காட்டச் சொல்லுங்கள். முதல் தரத்துக் கல்லின் விலை கூடுதலாகவே இருக்கும். கையிருப்பு போதாதெனின் 90 சென்ட் எடையில் அதே தரத்தைத் தேடலாம். ஒரு காரட் கல்லுக்கும் அதற்கும் குறுக்களவில் கால் மில்லிமீட்டர்தான் வேறுபாடு.