பீரங்கிக் குண்டும் சம்மதமும்

கடலூரை அடுத்துக் கடற்கரையில் அமைந்துள்ளது தேவனாம்பட்டினம். அங்கே புனித டேவிட் கோட்டை என்னும் கோட்டை ஒன்று இருந்தது. இன்று அதன் இடிபாடுகளே எஞ்சியுள்ளன. ஆயினும் அக்கோட்டை கைமாறிய வரலாறு நாம் மறக்கத்தக்கதன்று.

1690-ஆம் ஆண்டில் இப்பகுதி செஞ்சியிலிருந்த மராத்தியர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. சிவாஜியின் மகன் இராஜாராம் அப்போது மொகலாயரோடு போரிட்டு வந்தார். சென்னையில் ஆங்கிலக் கும்பினியின் ஆளுநராக இருந்தவர் எலிகு யேல். கும்பினியார் அக்கோட்டையை மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கினர். கோட்டையோடு சுற்றுப்புற நிலமும் சேர்ந்தது. அதன் எல்லையை அவர்கள் கோல் கொண்டு அளக்கவில்லை. பீரங்கியால் சுட்ட குண்டு எவ்வளவு தூரம் செல்லுமோ அவ்வளவும் வாங்கியவர்க்கே உரியது என்பது உடன்பாடு.

அதன்படி கோட்டையிலிருந்து பல திசைகளிலும் பீரங்கி முழங்கிற்று. குண்டு எட்டிய எல்லைக்குள் கடலூர் நகரமும் அடங்கியது. அவ்வாறு கிடைத்த ஊர்கள் 'குண்டு கிராமங்கள்' எனப் பெயர் பெற்றன. 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானபோது, சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயருக்குத் தலைமையிடமாக விளங்கியது இக்கோட்டையே.

இதில் கருதத்தக்கவை மூன்று உண்டு. விற்றவர் சம்மதித்தது ஒரு சொற்றொடருக்கு. அதன் அளவு தெரிந்ததோ குண்டு விழுந்த பிறகு. அளக்கும் கருவி வாங்கியவர் கையில் இருந்தது. அந்த ஊர்களில் வாழ்ந்த மக்களை எவரும் கேட்கவில்லை. சம்மதம் இருந்தது, அதன் எல்லையைப் பற்றிய அறிவு இல்லை.

இத்தகைய உடன்பாடு பழங்காலத்தோடு முடிந்துவிட்டதா? சிதம்பரத்தில் ஒரு மாணவர் தேர்வு முடிவைக் காண இணையதளம் ஒன்றைத் திறக்கிறார். கடலூர் முதுநகரில் ஒரு வணிகர் சரக்கின் விலையைப் பார்க்கத் திறக்கிறார். உடனே ஓர் அறிவிப்பு திரையை மறைக்கிறது. 'எல்லாவற்றையும் ஏற்கிறேன்' என்னும் பொத்தான் பெரிதாக ஒளிர்கிறது. மறுக்கும் வழியோ பல வேளைகளில் உள்ளே ஒளிந்து கிடக்கிறது. அவசரத்தில் விரல் பெரிய பொத்தானையே தொடுகிறது.

அங்கே கேட்கப்படுவது 'குக்கி' என்பதற்கான அனுமதி. குக்கி என்பது இணையதளம் நம் கருவியில் இட்டு வைக்கும் சிறு குறிப்பு. 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டூலி என்பவர் இதனை உருவாக்கினார். வந்தவர் இன்னார் என நினைவு கொள்வதற்கு அது உதவும். அதில் தீமை இல்லை. ஆனால் விளம்பர நிறுவனங்கள் வைக்கும் குக்கிகள், நாம் ஒரு தளத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்வதையும் பின்தொடரக் கூடியவை. நாம் பார்க்க வந்தது ஒரு பக்கம். குண்டு போய் விழும் தூரம் வேறு.

ஐரோப்பிய நாடுகள் இதை முன்னரே உணர்ந்தன. அவசியமற்ற குக்கிகளுக்கு முன்சம்மதம் வேண்டும் என 2009-இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. முன்கூட்டியே குறியிட்டு வைத்த கட்டம் சம்மதம் ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. ஏற்பதைப் போல மறுப்பது எளிதாக இல்லை என்பதற்காக, பிரான்சு நாட்டின் தரவுக் காப்பு ஆணையம் கூகுள் நிறுவனத்துக்கு 15 கோடி யூரோ அபராதம் விதித்ததை 2022 சனவரியில் அறிவித்தது.

நம் நாட்டிலும் அந்தரங்கம் அடிப்படை உரிமையே என உச்ச நீதிமன்றம் 2017-இல் உரைத்தது. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. சம்மதம் தடையின்றி, குறித்த நோக்கத்திற்காக, விவரம் அறிந்து, தெளிவான செயலால் தரப்பட வேண்டும் என்கிறது அச்சட்டம். கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாதல் வேண்டும். அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வாய்ப்பளித்தல் வேண்டும். இதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. சம்மதம் பற்றிய பகுதிகள் பதினெட்டுத் திங்களுக்குப் பின் நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பட்டன.

சட்டம் ஒருபுறம் இருக்க, நம் கையிலும் சில வழிகள் உண்டு. 'மறுக்கிறேன்' என்பதையோ 'அவசியமானவை மட்டும்' என்பதையோ தேடித் தொடலாம். அதனால் பெரும்பாலும் தளம் பயன்படாமல் போவதில்லை. ஏற்கெனவே ஏற்றவற்றை உலாவியின் அமைப்புகளுக்குச் சென்று அழிக்கலாம்.

நிபந்தனைகள் சிதம்பர ரகசியமாகத் திரைக்குப் பின்னால் இருத்தல் ஆகாது. 1690-இல் நம் ஊர்மக்களை எவரும் கேட்கவில்லை. இன்று நம்மைக் கேட்கிறார்கள். விடை சொல்லுமுன், குண்டு எதுவரை செல்லும் என்று நாமும் கேட்பது நம் கடமையாகும்.