ஜீப் (போடி மலைச்சரிவு)

அமெரிக்காவில் பழைய கார் ரசிகர்கள் தேடிப் புதுப்பிப்பது 1964இல் வந்த போன்டியாக் ஜிடிஓ போன்ற, பெரிய என்ஜின் பூட்டிய வேக வண்டிகளை. சிலமலை, போடிநாயக்கனூர் வட்டாரத்தில் அந்த இடம் ஜீப்புக்கு உரியது. இதுவும் அமெரிக்கப் பிறப்புதான். வில்லிஸ் நிறுவனத்தின் உரிமம் பெற்று மகிந்திரா இங்கே தயாரித்தது. 1953இல் அறிமுகமான சிஜே-3பி மாதிரியின் உயர்ந்த மூக்கு அழகுக்காக வைத்ததல்ல. உயரமான ஹரிக்கேன் பெட்ரோல் என்ஜினை உள்ளே அடக்க வேண்டியிருந்தது. போடிமெட்டு ஏற்றத்தின் 17 கொண்டை ஊசி வளைவுகளிலும், அதற்கப்பால் ஏலத்தோட்டத்து மண்பாதைகளிலும் வேகத்துக்கு வேலையில்லை; நான்கு சக்கர இழுவையும் தாழ்ந்த கியரும்தான் ஆளையும் மூட்டையையும் மேலேற்றுகின்றன.

பட்டறையில் பெட்ரோல் என்ஜினைக் கழற்றி டீசல் என்ஜின் பொருத்திய ஜீப்பைப் பழைய வண்டி என்று ஒப்புக்கொள்ளலாமா என்று அசல் பாகம் தேடுவோர் கேட்பர். காட்சிக்கூடத்து வண்டிக்கு அது நியாயமான கேள்வி. ஆனால் ஜீப் போர்க்களத்திலேயே பாகம் மாற்றிப் போட்டு ஓட்டுவதற்கென்று பிறந்தது. தனிச் சட்டத்தின்மேல் உடற்பகுதி அமர்ந்திருப்பதால் என்ஜினையும் தகட்டையும் தனித்தனியே மாற்றலாம். மகிந்திராவே பின்னாளில் பெஜோ டீசல் என்ஜினைப் பொருத்தித்தான் விற்றது; அப்படியிருக்க, பட்டறைக்காரரை மட்டும் குறைசொல்வது பொருந்தாது.