ஒலியைச் செதுக்கிய பெண்கள் – 4: ஐம்பது ஆண்டுகள் விடுபட்ட பெயர்

பிபிசியின் மின்னணு ஒலிக்கூடமான ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப் 1958-ல் தொடங்கக் காரணமாக இருந்த டாஃப்னி ஓரம், மறு ஆண்டே அங்கிருந்து வெளியேறியதைச் சென்ற வாரம் பார்த்தோம். 1962-ல் அதே கூடத்துக்குள் நுழைந்தார் டீலியா டெர்பிஷயர்.

டீலியா கவென்ட்ரியில் 1937-ல் பிறந்தவர். 1940-ல் ஜெர்மானிய விமானங்கள் அந்நகரைத் தீக்கிரையாக்கியபோது அவருக்கு மூன்று வயது. மின்னணு ஒலி மீதான தன் ஈர்ப்பு, அன்று கேட்ட அபாயச் சங்கிலிருந்தே தொடங்கியதாகப் பிற்காலத்தில் சொன்னார். கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்துவிட்டு டெக்கா நிறுவனத்தில் வேலை கேட்டார். ஒலிப்பதிவுக் கூடங்களில் பெண்களை அமர்த்துவதில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

1963-ல் 'டாக்டர் ஹூ' தொலைக்காட்சித் தொடரின் முகப்பிசை அவர் கைக்கு வந்தது. மெட்டு, ரான் கிரெய்னர் எழுதியது. சிந்தசைசர் கடைக்கு வராத காலம் அது. இழுத்துக் கட்டிய கம்பியைச் சுண்டிப் பதிவுசெய்தார். ஆஸிலேட்டரில் ஒலி எழுப்பினார். நாடாவின் வேகத்தைக் கூட்டிக் குறைத்துச் சுரங்களை வரவழைத்தார். ஒரு சுரம் எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டுமோ அந்த அளவுக்கு நாடாவை அளந்து வெட்டி, அடுத்த துண்டோடு ஒட்டினார். உதவிக்கு டிக் மில்ஸ் இருந்தார். பல தடங்களை ஒருங்கே பதியும் கருவி அங்கே இல்லை. தனித்தனி இயந்திரங்களில் நாடாக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டுத்தான் எல்லாவற்றையும் இணைத்தார்கள்.

கேட்ட கிரெய்னர் வியந்துபோய், டீலியாவுக்கும் இணை இசையமைப்பாளர் என்ற தகுதி தர வேண்டும் என்றார். பிபிசி மறுத்தது. ஒர்க்‌ஷாப் ஊழியர்களின் பெயரை வெளியிடுவதில்லை என்பது அன்றைய வழக்கம். ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான வழக்கம்தான். ஆனால் மெட்டைத் தாளில் எழுதினால் படைப்பு, அது எப்படி ஒலிக்க வேண்டும் என்று துண்டு துண்டாகத் தீர்மானித்தால் வெறும் தொழில்நுட்பப் பணி என்ற பார்வை அதற்குள் இருந்தது. அந்த முகப்பிசையை ஒருமுறை கேட்டவர்கள் இதை ஏற்கமாட்டார்கள். மெட்டைப் போலவே ஒலியும் அங்கே ஒரு படைப்பு.

1973-ல் பிபிசியை விட்டு விலகிய டீலியா, 2001-ல் காலமானார். அவர் வீட்டுப் பரணில் கிடைத்த 267 நாடாக்கள் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. 'டாக்டர் ஹூ' திரையில் அவர் பெயர் வந்தது 2013-ல், தொடரின் பொன்விழா அத்தியாயத்தில். அதைப் பார்க்க அவர் இல்லை.

இப்படிப்பட்ட மறுப்பு பிபிசியோடு நிற்கவில்லை. அமெரிக்காவில் பீபி பேரன், கணவர் லூயியுடன் சேர்ந்து 1956-ல் ஒரு ஹாலிவுட் படம் முழுவதற்கும் மின்னணு ஒலியிலேயே இசை அமைத்தார். படத்தின் டைட்டிலிலோ அதற்கு 'இசை' என்ற பெயரே மறுக்கப்பட்டது. அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)